சாந்தாமணி மிஸ் தேடிய உருண்டை

பொங்கல் விளையாட்டுக்காக அரிசியில் மஞ்சள் பிசைந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. சாந்தாமணி மிஸ் போய்விட்டார். நெஞ்சை அடைக்கிறது என்றாராம். ராசிபுரத்திலிருந்து சேலம் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டதாம். மஞ்சள் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவரிடம் பிள்ளைகளை விட்ட உங்களுக்கெல்லாம் தெரியும். எங்கள் மழலையர் பள்ளியில் பண்டிகை வந்தால் பாடம் கிடையாது, தாம்பாளம்தான். பொங்கலுக்கு மஞ்சள் அரிசிக்குள் குட்டிப் பானைகளை ஒளித்து வைப்பார். கார்த்திகைக்குக் களிமண். ரம்ஜானுக்கு ரவைக்குள் அட்டைப் பிறை. பிள்ளைகள் கையை விட்டுத் துழாவ வேண்டும், மோந்து பார்க்க வேண்டும். சட்டை பாழாகிறது என்று யாராவது முனகினால், “கை அழுக்கானாத்தானுங்க பண்டிகை” என்பார்.

கிறிஸ்துமஸுக்குப் பனி வேண்டுமே! தாம்பாளம் நிறைய ஜவ்வரிசியைக் கொட்டி, “நம்மூருப் பனி இதானுங்க” என்று சிரிப்பார். சுற்றிலும் ஜவ்வரிசி ஆலைகள். களத்தில் காய்வதை அள்ளி வாயில் போட்டு வளர்ந்த பிள்ளைகள். இரண்டு பருக்கையைத் தின்றால் இங்கே யாரும் பதறுவதில்லை.

ஒரு வருஷம் புதிதாகச் செய்யலாமென்று சேலம் கடைவீதியில் ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். தண்ணீரில் போட்டால் ஊதிப் பெருக்கும் ஜெல் உருண்டை. ஊறியவை வழுவழுவென்று திராட்சை அளவில் மின்னின. பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். ஊறாத மிச்சம் ஒரு கிண்ணத்தில் மேஜை மேல் இருந்தது, வெள்ளையாக, பொடிசாக. ஆலைக்காரர் வீட்டு மித்ரன் கிண்ணத்தருகே நின்று எதையோ மென்றுகொண்டிருந்தான்.

“என்ன சாமி வாயில?”

“சவ்வரிசி மிஸ்.”

அவர் சட்டென்று கிண்ணத்தைப் பார்த்தார். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார், ஒன்றும் இல்லை. “முழுங்கிப்போட்டயா சாமி?” அவன் பெருமையாகத் தலையாட்டினான். பாவி மனுஷி, அவனைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினார்.

எக்ஸ்ரேயில் அது தெரியவில்லை. மறுநாள் வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்தான். உருண்டை உள்ளே ஊதிக் குடலை அடைத்திருந்தது; வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டான். அவன் அம்மா சண்டைக்கு வருவார் என்று பயந்திருந்தோம். “அது திங்கிறதுன்னு பழக்கி உட்டதே நாந்தானுங்களே” என்று அந்த அம்மா அழுதார். அவர் திட்டியிருந்தால்கூட மிஸ்ஸுக்கு ஆறியிருக்கும்.

அன்றிலிருந்துதான் வாசலிலேயே ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தி, “ஆ காட்டு சாமி” என்று வாயைப் பார்க்க ஆரம்பித்தார். நாக்கைத் தூக்கச் சொல்வார். உங்களில் சிலர் எரிச்சல்பட்டீர்கள், “வாத்தியாரம்மாவா, பல் டாக்டரா?” என்று கேலியும் செய்தீர்கள்.

மித்ரனைத் தூக்கிய அவசரத்தில் கிண்ணம் அன்றே கவிழ்ந்து உருண்டைகள் சிதறியிருந்தன. எல்லாவற்றையும் பொறுக்கிய பிறகும் அவர் நம்பவில்லை. சனிக்கிழமைதோறும் வகுப்பறையில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருப்பார். “இன்னும் எங்கியோ கெடக்குது கலை. தண்ணி பட்டா ஊதி வெளிய தெரியும்.”

“அதெல்லாம் எப்பவோ குப்பையோட போயிருக்கும், விடுங்க மிஸ்” என்பேன்.

“குப்பைல போனதை நீ பார்த்தயா?”

வகுப்பறை மூலையில் இருந்த அந்த இரும்பு பீரோவைத்தான் எங்கள் இருவரால் நகர்த்த முடியவில்லை. அதன் பின்னால் தண்ணீரும் போகாது. போகும்போதும் வரும்போதும் அதை ஒரு பார்வை பார்ப்பார்.

காரியம் முடிந்து, அவர் சாமான்களை வீட்டாருக்கு எடுத்துத்தர ஆட்களை வைத்து பீரோவை நகர்த்தினோம். அறையைக் கழுவிப் பூட்டினோம். அடுத்த நாள் காலை திறந்ததும் என்னை முந்திக்கொண்டு ஓடிய வாண்டு ஒன்று, மூலையில் குந்தி எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. பீரோ இருந்த சுவரோரம், கழுவிய ஈரத்தில், திராட்சை அளவுக்கு ஊதிப்போய் அந்த உருண்டை உட்கார்ந்திருந்தது. பக்கத்தில், இன்னும் ஊறாமல், பொடிசாகச் சில.

“மிஸ், சவ்வரிசி” என்றாள் குழந்தை.

“ஆ காட்டு சாமி.” என் வாயில் வந்தது அவர் குரல்தான்.

வாயில் ஒன்றும் இல்லை. நாக்கைத் தூக்கச் சொன்னேன், அங்கேயும் இல்லை. ஆனால் சாயங்காலம் வரை அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரவு அவள் வீட்டுக்குப் போன் போட்டேன். விடிந்ததும் மறுபடி போட்டேன். அவளுக்கு ஒன்றுமில்லை.

மிஸ் விட்டுப்போன தாம்பாளமும் பானைகளும் பள்ளிக்கு. அவருடைய பயத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். நாளையிலிருந்து வாசலில் உங்கள் பிள்ளையை நான் நிறுத்துவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆ காட்டச் சொல்லுங்கள்.