நாணயமான மனிதருக்கு வந்த கடிதம்

புத்தாயிரம் பிறந்த புதிதில் சீர்காழி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நான் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்தினேன். குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர் அனுப்பிய பணத்தில் வாங்கிய நான்கு கம்ப்யூட்டர்கள், நடுவில் பிளைவுட் தடுப்பு, ஒரு பிரிண்டர். பரீட்சை முடிவு வரும் நாள்களில் கூட்டம் அலைமோதும். மற்ற நாள்களில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். பி.காம். முடித்திருந்ததால், இங்கிலீஷ் தெரிந்தவள் என்று தெருவில் எனக்கு ஒரு பெயர். அந்தப் பெயர் எவ்வளவு பொய் என்பது எனக்கும் என் விடைத்தாளைத் திருத்தியவருக்கும் மட்டும்தான் தெரியும்.

எதிர் வரிசையில் ஓர் உரக்கடை. கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். யாரையும் நம்ப மாட்டார். நூறு ரூபாய்த் தாளை நீட்டினால், கொடுப்பது சொந்த மைத்துனராகவே இருந்தாலும், வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கல்லாவில் போடுவார். யூரியா மூட்டையைத் தட்டிப் பார்த்தே எடை குறைகிறது என்று சொல்லிவிடுவார். அந்தத் திறமை மூட்டை கடைக்குள் வரும்போது மட்டும் வேலை செய்யும். வெளியே போகும்போது செய்யாது. அவர் விற்கும் வேப்பம்புண்ணாக்கில் பாதி வாய்க்கால் மண் என்று விவசாயிகள் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். "மண்ணுந்தானேப்பா பயிருக்கு வேணும்" என்பார், கூசாமல்.

அவருடைய மகன் சிங்கப்பூரில் வேலை பார்த்தான். அவனோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள அவருக்கு ஓர் ஈமெயில் நான்தான் திறந்து கொடுத்திருந்தேன். சனிக்கிழமை தோறும் வந்து உட்காருவார். நான் படித்துச் சொல்வேன். மகன் நாலு வரி எழுதுவான், அதிலும் ஒரு வரி "வேறு விசேஷம் இல்லை" என்றிருக்கும்.

ஒரு சனிக்கிழமை மகனுடையதற்கு மேலே வேறொரு கடிதம் இருந்தது. ஏதோ ஒரு தூரதேசத்து மந்திரியின் விதவை எழுதியிருந்தார். கணவர் விட்டுப்போன பல கோடி டாலர் ஒரு பெட்டகத்தில் முடங்கிக் கிடக்கிறதாம். அதை வெளியே கொண்டுவர உதவினால் முப்பது சதவீதம் தருவாராம். தப்பும் தவறுமாக நான் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்.

"இரும்மா. அந்த வரிய இன்னொரு தடவ படி" என்றார்.

"முப்பது சதவீதம் உங்களுக்கு…"

"அது கெடக்கட்டும். அதுக்கு முந்தின வரி."

"உங்களுடைய நேர்மையையும் நாணயத்தையும் பற்றி நம்பகமானவர்கள் மூலம் கேள்விப்பட்டு…"

சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். "யாரு சொல்லிருப்பா தங்கச்சி?" என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். சீர்காழியில் அப்படிச் சொல்லக்கூடிய ஓர் ஆளை எவ்வளவு யோசித்தும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த வருஷம் மேட்டூரில் நேரத்துக்குத் தண்ணீர் திறக்கவில்லை. குறுவை போயிற்று. உரக்கடையில் வியாபாரமே இல்லை. அவர் தினமும் வர ஆரம்பித்தார். அவர் சொல்லச் சொல்ல நான் பதில் தட்டினேன், பக்கத்துக்கு இருபது ரூபாய். இது மோசடியாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் பார்த்துக்கொண்டேன் என்பதுதான் சரி. அந்த மாதம் என் கரண்டு பில்லைக் கட்டியது அந்த விதவைதான்.

அம்மணி ஒன்றரைப் பக்கத்துக்குக் குறையாமல் எழுதுவார். இவர் மனைவியின் முட்டிவலி தேவலையா, மழை பெய்ததா என்றெல்லாம் விசாரிப்பார். இவர் சவரம் செய்துகொண்டு வர ஆரம்பித்தார். பிறகு வக்கீல் செலவுக்கு என்று மும்பையில் ஒரு வங்கிக் கணக்குக்குப் பணம் கட்டச் சொல்லி வந்தது. அது முடிந்ததும் முத்திரை வரி. நூறு ரூபாயை வெயிலில் பார்க்கிற மனிதர் மனைவியின் ஆறு பவுன் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினார்.

"வீட்ல அக்காகிட்ட சொன்னீங்களாண்ணே?"

"ரகசியமா வெச்சுக்கச் சொல்லிருக்காங்கம்மா அந்தம்மா."

அடுத்த வாரம் என்னுடைய ஈமெயிலுக்கும் அதே கடிதம் வந்தது. அதே விதவை, அதே பெட்டகம், அதே நேர்மை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது: மோசடி என்று அப்போதும் எனக்குத் தோன்றவே இல்லை. 'சரிதான், புண்ணாக்கு விஷயம் அந்தம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, அதுதான் நம்மிடம் வருகிறார்' என்றுதான் தோன்றியது. அரைநாள் நான் கோடீஸ்வரியாக இருந்தேன். வீட்டுக்காரரை ஊருக்கு வரவழைத்து, வாடகை வீட்டைக் காலி செய்து, நாத்தனாரிடம் பேச்சைக் குறைத்துக்கொள்வதுவரை போய்விட்டேன்.

சாயங்காலம் குவைத்திலிருந்து போன் வந்தது. மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் லைனே அதிர்ந்தது.

"ஏ புள்ள, எங்க கேம்ப்ல பதினாறு பேருக்கு இது வந்திருக்கு. அத்தன பேரும் நாணயஸ்தன்னு உலகத்துக்கே தெரிஞ்சிருந்தா நாங்க ஏன்டி இந்த வெயில்ல கெடக்குறோம்?"

"அப்போ பொய்யா மச்சான்?"

"கடைய சாத்திட்டுப் போயி சோத்த வடி."

மறுநாள் இரண்டு கடிதங்களையும் அச்செடுத்துக்கொண்டு உரக்கடைக்குப் போனேன். கல்லாமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாக விரல் வைத்துக் காட்டினேன். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் ஒரே எழுத்துதான் என்பது அவருக்குத் தெரிந்தது.

"ஒனக்கும் எழுதிருக்காளா?"

"எழுத்து மாறாம, அண்ணே."

பொட்டாஷ் மூட்டைமேல் உட்கார்ந்தார். பணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. "ஒனக்கும் நேர்மைன்னுதான் போட்டிருக்காளா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

போலீஸில் எழுதிக் கொடுக்கலாம் என்றேன்.

"என்னான்னு எழுதுறது? நான் நேர்மையானவன்னு ஒருத்தி சொன்னா, நானும் நம்பிட்டேன்னா? ஸ்டேஷன்ல சிரிச்சே செத்துடுவாங்க. அவங்க தோட்டத்துக்கும் புண்ணாக்கு நாந்தான் குடுத்தேன்."

அதற்குப் பதிலாக அந்த விதவைக்கு ஒரு கடிதம் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் காது கூசியது. அத்தனை வசவுக்கும் இங்கிலீஷ் எனக்குத் தெரியாததால் 'யூ ஆர் எ வெரி பேட் லேடி' என்று தட்டி அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. மனவருத்தத்துக்கு மன்னிப்பு, கூடவே இன்னொரு சிறிய கட்டணம். அதையும் கடைசி வரிவரை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

தை மாதம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது சங்கிலி இல்லாதது வெளியே வந்தது, கூடவே விதவையின் கதையும். அவர் மனைவி நேராக என் கடைக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"அவ போட்டோ இருந்தா காட்டு."

"போட்டோ இல்லக்கா. கடுதாசிதான்."

"அப்படி என்னத்ததான் எழுதிருந்தா? படி."

படித்தேன். நேர்மை, நாணயம் என்ற இடம் வந்ததும் அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கட்டிக்கிட்டு வந்து இருவத்தஞ்சு வருஷம் ஆச்சு. நானும் ஒரு தடவ அப்படிச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்" என்றார். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி, "ஆனா வாயில வரணுமே" என்றார்.

அடுத்த நாளிலிருந்து உரக்கடைக் கல்லாவில் அந்த அக்காதான் உட்கார்ந்தார்.