டிக்கிக்குக் கிடைத்த நல்ல வீடு

டிக்கியைப் புலிக்குக் கொடுத்தது நான்தான். தெரியாமல் நடந்ததல்ல. தெரிந்தே செய்தேன்.

டிக்கி ஒரு நாய்க்குட்டி. நாய்தானே என்று உதட்டைச் சுழிக்காதீர்கள்... அழவும் வேண்டாம். உங்கள் கண்ணீரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அந்த டீவி நிகழ்ச்சியை நீங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். ஒரு குடும்பம் தெருநாயை வீட்டுக்குக் கொண்டுவந்து கொஞ்ச நாள் வளர்க்கும். பிறகு நல்ல வீடு பார்த்துக் கொடுத்துவிடும். நாய் போகும்போது அந்த வீட்டுப் பிள்ளைகள் அழுதுகொண்டே கை தட்டுவார்கள். அடுத்த வாரம் புது வீட்டிலிருந்து போட்டோ வரும். எவ்வளவு அழகு! அங்கே நாய்க்கென்றே ஓர் அறை. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அம்மா, தங்கச்சி, நான் மூன்று பேருக்கும் சேர்த்தே ஓர் அறைதான்.

என் தங்கச்சி தர்ஷிக்குப் பிறக்கும்போதே இருதயத்தில் ஓட்டை. அம்மா கொழுந்து பறிக்கப் போக வேண்டும். அதனால் எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். நான் அவளைப் பார்த்துக்கொண்டேன். அவள் டீவி பார்த்தாள்.

பார்த்துவிட்டு, ரோட்டோரம் கிடந்த ஒரு குட்டியைத் தூக்கிவரச் சொன்னாள்.

“வளக்க இல்லக்கா. நல்ல வீடு கெடைக்கிற வரைக்கும்தான்.”

அவள் போர்வைக்குள்ளேயே அது தூங்கியது. மூத்திரத் துணியைத் துவைத்தது யார்? நான்!

அப்போதுதான் பதுளை டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் புடவைக் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. அம்மா அரை மனதாய்ச் சரி என்றுவிட்டார். படுத்திருந்த தர்ஷி தலையைத் தூக்கினாள்.

“அக்கா போனா டிக்கிக்கு யாரு சோறு போடுறது?”

அம்மா சிரித்துவிட்டார். “அதான பாரு! நீ ஒரு எடமும் போக வேணாம்டி.”

தன்னை யார் பார்ப்பது என்று அவள் கேட்டிருந்தால் பொறுத்திருப்பேன். நாய்க்காகக் கேட்டாள்... நாய்க்காக!

அந்த வாரம்தான் கீழ் லயத்து நாய் ஒன்றைச் சிறுத்தைப் புலி தூக்கிப் போயிருந்தது. பொழுது சாய்ந்ததும் எல்லோரும் நாய்களை உள்ளே அடைத்தார்கள். நான் டிக்கியை வெளியே கொண்டுபோய்க் கொய்யா மரத்தில் கட்டினேன். சும்மா விட்டிருந்தாலாவது ஓடித் தப்பித்திருக்கும். கட்டினேனே! தகரத்தில் மழை அடித்தது. அது கத்தியது என் காதுக்கு மட்டும் கேட்டது.

விடிந்தபோது கயிறுதான் கிடந்தது. கழுவ வேண்டியதை மழையே கழுவிவிட்டிருந்தது.

“பண்டாரவளையில இருந்து ஒரு மிஸ் வந்து கொண்டு போயிட்டாங்க. நீ தூங்கிட்டிருந்த. பெரிய வீடாம்” என்றேன்.

தர்ஷி அழுதாள். பிறகு கை தட்டினாள். டீவியில் வரும் பிள்ளைகளைப் போலவே!

“அப்ப நம்ம வேல முடிஞ்சிருச்சில்லக்கா?”

அம்மா கொழுந்து மலைக்குப் போய் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார். தர்ஷி தினமும் போட்டோ கேட்டாள். கடைசியில் போனில் தேடி, சோபாவில் கிடந்த யாரோ ஒருவருடைய பழுப்பு நாயைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

“குண்டாகிட்டான்” என்றாள்.

நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். எனக்கு நிம்மதி... வெட்கமில்லாத நிம்மதி!

சில மாதம் கழித்துப் பதுளை ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்தோம். அம்மா பிளேன்டீ வாங்கக் கீழே போயிருந்தார். தர்ஷிக்கு மூச்சு இழுத்தது. கிட்டே வரச் சொன்னாள்.

“அக்கா, நான் செத்துப் போனா அம்மாகிட்ட என்னா சொல்லுவ? நல்ல வீட்டுக்குப் போயிட்டான்னா?”

சிரித்தாள். பத்து வயதுப் பிள்ளை... என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்! எப்போது தெரிந்தது அவளுக்கு? எத்தனை நாள் தெரிந்துகொண்டே என் கையால் சோறு வாங்கித் தின்றாள்? நான் கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. தலையணையைச் சரிசெய்வது போலத் திரும்பிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே போய்விட்டாள்.

இப்போது அதே புடவைக் கடையில் நிற்கிறேன். என்னைப் போகாதே என்று சொல்ல ஆளில்லை. போதுமா உங்களுக்கு?

லீவில் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அம்மா கேட்கிறார்.

“கடைசியா ஒங்கிட்ட என்னமோ பேசுனாளாமே, பக்கத்துக் கட்டில்காரி சொன்னா. என்னடி சொன்னா?”

“ஒன்னும் சொல்லலம்மா. தண்ணி கேட்டா.”

அம்மா தலையாட்டுகிறார். அடுத்த முறை போகும்போது மறுபடியும் கேட்கிறார்.