தொட்டுப் பார்க்காத வயிறு

நான் கைவைத்துப் பார்த்திருந்தால் ஒரு மனிதர் பிழைத்திருக்கக்கூடும். அவர் சேரிக்காரர் என்பதால் நான் தொடவில்லை.

எழுபதுகளின் கடைசியில் வேப்பந்தட்டையில் டாக்டராக இருந்தேன். சேரி ஆட்கள் என் கிளினிக்கின் பக்கவாட்டு ஜன்னலுக்கு வெளியே நிற்பார்கள். உள்ளே இருந்தபடியே விசாரித்து மருந்து கொடுப்பேன். டைபாய்டில் மூன்று வாரமாகக் கிடந்த ஒரு விவசாயக் கூலியை அவர் மனைவி அங்கேதான் தாங்கிப் பிடித்து நின்றார்.

"காலையில திடீர்னு காய்ச்சல் வுட்டுடுச்சுங்க சார். ஆனா வலி தாங்கலங்கறாரு. வயிறு கல்லு மாரி இருக்கு. கொஞ்சம் தொட்டுப் பாருங்க சார்."

"காய்ச்சல் விட்டதே நல்ல சேதிதான். வாயுவா இருக்கும். கஞ்சி குடு, போ."

டைபாய்டில் காய்ச்சல் சட்டென்று இறங்கி வயிறும் இறுகினால், குடல் ஓட்டையாகியிருக்கலாம் என்று அர்த்தம். நான் படித்துத் தேறிய பாடம் அது. மறுநாள் அவர் இறந்துவிட்டார்.

அவர் வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அந்தப் பெண் அழவில்லை.

"அன்னிக்கு வெளிய நிக்க வச்சீங்க. இன்னிக்கு வூட்டுக்கே வந்துட்டீங்க. இனிமே யாரைத் தொட்டுப் பாக்கப் போறீங்க?"

அதன்பின் எல்லோரையும் உள்ளே அழைத்து, ஒரே கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தேன். நிலக்காரர்கள் சிலர் வருவதை நிறுத்தினார்கள். அது வலிக்கவில்லை. அந்தப் பெண் மட்டும், பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றாலும் அவனைத் தூக்கிக்கொண்டு என் வாசலைக் கடந்து பெரம்பலூர் பஸ் ஏறுவார்.