டிக்கியில் மாட்டிக்கொண்ட சத்தம்

பாட்டைப் போட்டுவிட்டு அத்தான் காரிலிருந்து இறங்கிவிடுவார். கதவை மெல்லச் சாத்திவிட்டுப் பின்பக்கம் போய், டிக்கி மூடியின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துக் கண்ணை மூடிக்கொள்வார். நம்பர் பிளேட் கடகடவென்று ஆடும். எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். "அடடா, என்னா கனம்!" என்பார். காருக்குள் உட்கார்ந்திருக்கும் எனக்குப் பாடுகிறவரின் குரல் கேட்கும், தாளம் கொஞ்சம் கேட்கும். அந்தக் கனம் மட்டும் வந்து சேராது. தன் காரில் ஓடும் பாட்டைக் கேட்பதற்காகக் காரைவிட்டு இறங்குகிற மனிதர் உலகத்தில் என் அக்கா கணவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அவருக்குத் தொழில் பல் செட் செய்வது. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் தன் சின்ன அறையில் உட்கார்ந்து அதற்கு ஈறும் பல்லும் செய்து அனுப்புவார். இருபத்திரண்டு வருடமாக ஒரு ராவுகிற மெஷினோடு குடித்தனம். காதுக்கு ஒரு முழம் தள்ளி அது நாள் முழுக்கக் கீச்சிட்டுக்கொண்டே இருக்கும். யாருக்குப் பல் செய்தோம் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது அவருடைய கொள்கை. "தொழில் ரகசியம், மச்சான்" என்பார். அடுத்த நிமிடமே, எதிரே சிரித்துக்கொண்டு வருகிறவரைப் பார்த்து, "மேல் வரிசை நம்மளுது" என்று காதைக் கடிப்பார்.

இப்படி ஒழுங்காக இருந்தவர், நான்கு மாதத்துக்கு முன் திடீரென்று சப்வூஃபர் ஒன்று வாங்கி வந்தார். அடிச்சத்தத்தை மட்டும் உறுமுகிற ஒலிபெருக்கி. சின்ன அலமாரி அளவுக்குப் பெட்டி. டிக்கியைத் தவிர வேறெங்கும் அதற்கு இடமில்லை. வைத்து மூடிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. டிக்கிக்கும் நமக்கும் நடுவே பின்சீட்டு இருக்கிறது, அதற்குப் பின்னால் தடித்த அட்டை, அதற்கும் பின்னால் இரும்புத் தகடு. பின்பக்கச் சத்தம் உள்ளே வரக் கூடாதென்று கார் செய்தவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த ஏற்பாடு. அத்தான் தனியாளாக அவர்களை முறியடிக்கக் கிளம்பினார்.

முதலில் பெட்டியின் முகத்தைப் பின்சீட்டுப் பக்கம் திருப்பினார். சீட்டு லேசாக முனகியது. அடுத்த வாரம் பின்சீட்டையே மடக்கிப் போட்டார். கொஞ்சம் சத்தம் வந்தது, நான் வர முடியவில்லை. "நீ பஸ்ல வாயேன், மச்சான்" என்றார், எனக்கு ஏதோ சலுகை தருவதுபோல. பிறகு பின்கண்ணாடிக்குக் கீழே இருந்த இரண்டு குட்டி ஸ்பீக்கர்களைக் கழற்றி வீசிவிட்டு, அந்த வட்ட ஓட்டைகள் வழியே சத்தத்தை அழைத்துப் பார்த்தார். அந்த வழியில் ஸ்டெப்னி டயரின் நாற்றம் தாராளமாக வந்தது. அக்காவின் பேனா ஒன்று உள்ளே விழுந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் தன் இருப்பைத் தெரிவித்தது. நம்பர் பிளேட் ஆடுவதற்கு மட்டும் உடனே தீர்வு கண்டார்: பல் அச்சுக்கு வைத்திருக்கும் இளஞ்சிவப்பு மெழுகை உருட்டி அதற்குப் பின்னால் அப்பினார். வெயிலில் அது உருகி பம்பரில் வழிந்தது. கார் தாம்பூலம் போட்டதுபோல் நின்றது.

அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பது பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேலே ஏறி நிற்கிற மெல்லிய, கூர்மையான குரல். அந்தக் குரலில் அவள் வீட்டில் எது சொன்னாலும் அத்தான் "ம்" என்பார். அல்லது சம்பந்தமில்லாமல் எதையாவது சொல்வார். "நான் பேசினா கேக்காது. டிக்கி பேசினா மட்டும் நல்லா கேக்கும்" என்பாள்.

போன மாதம் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. வேறோர் ஊர்ப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக வரச் சொல்லி. போனால் வாரத்தில் ஐந்து நாள் அங்கேயே தங்க வேண்டும். பாத்திரம் கழுவிக்கொண்டே அதை அத்தானிடம் சொல்லி, "போகட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறாள். முன்னறையிலிருந்து, "சரி சரி, சனிக்கிழமை வாங்கிடலாம்" என்று பதில் வந்ததாம். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. "நான் இருந்தாத்தான் என்ன, இல்லாட்டித்தான் என்ன? வரேன்னு எழுதிப் போட்டுடப் போறேன்" என்று என்னிடம் சொல்லும்போது அவளுடைய குரலில் கோபம்கூட இல்லை. எனக்குத்தான் வந்தது.

இதற்கிடையில் அத்தான் இரும்புத் தகட்டை அறுக்கத் தேதி குறித்துவிட்டார். மெக்கானிக் வந்தார். பின்சீட்டின் நடுவே கைவைத்துக்கொள்ள இறக்குவோமே, அந்தத் திண்டை இறக்கினார். பின்னால் இருந்த துணியை விலக்கி, ஒரு பிளாஸ்டிக் மூடியைத் தட்டி எடுத்தார். டிக்கி தெரிந்தது.

"ஏன் சார், கம்பெனிக்காரனே ஓட்டை வெச்சுத்தானே குடுத்திருக்கான்?"

அத்தான் குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தார். நான்கு மாத ஆராய்ச்சி அதன் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது.

"இப்படியே தொறந்து வெச்சா பாதிச் சத்தம் டிக்கிக்குள்ளயே குடும்பம் நடத்தும். பெட்டி வாயையும் இந்த ஓட்டையையும் ஒரு குழாயால சேர்த்து, சுத்திலும் இடுக்கு இல்லாம அடைச்சிடுங்க" என்றார் மெக்கானிக்.

"அப்ப அச்சு எடுக்கணும்" என்றார் அத்தான். முகம் மலர்ந்துவிட்டது. இனி இது அவருடைய துறை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காருக்கு வாய் பார்க்கும் வைபவம் நடந்தது. பச்சைப் பசை மாவைக் குழைத்து ஓட்டையின் விளிம்பில் அப்பி, இறுகும்வரை, "ஆடாதே, ஆடாதே" என்றார் காரிடம். ஈறு செய்யும் மாவிலேயே குழாய் வார்த்தார். அது வேக வேண்டும். அக்காவின் ஆகப் பெரிய பாத்திரம் அதற்குப் போயிற்று. வெந்து வந்த குழாய், ஏதோ ராட்சதனின் தொண்டையைப் பிய்த்து எடுத்ததுபோல் இளஞ்சிவப்பாகப் பளபளத்தது.

குழாயின் அளவை அவர் ஒரு காகிதத்தில் வரைந்து வைத்திருந்தார். அதைச் சரிபார்க்க என்னிடம் நீட்டினார். பின்பக்கம் ஏதோ அச்சடித்திருந்தது. புரட்டினேன். காது பரிசோதனைச் சீட்டு. ஐந்து மாதத்துக்கு முந்தையது. கட்டங்களின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் சமதரையில் நடந்து, வலப்பக்கம் போனதும் கிணற்றில் விழுந்திருந்தது.

"என்ன அத்தான் இது?"

சீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"அது ஒண்ணுமில்ல. மெஷின் சத்தத்துல, கீச்சுன்னு வர்ற மேல் சத்தமெல்லாம் போயிடுச்சாம். அடிச்சத்தம் அப்படியே இருக்காம்." குழாயின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார். "இருக்கறதயாவது நல்லா கேப்போமேன்னுதான்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அவ குரல் கேக்கலன்னு அவகிட்டயே எப்படி மச்சான் சொல்றது?"

நான்கு மாதமாக நான் செய்த கிண்டல்கள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. நல்லவேளை, பாதி அவர் காதில் விழுந்திருக்காது.

"உங்ககிட்ட அக்கா ஒண்ணு கேட்டாளே, அதுக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு தெரியுமா?"

"எப்ப கேட்டா? என்ன கேட்டா?"

"அவகிட்டயே கேளுங்க" என்றேன்.

அன்று மாலை வெள்ளோட்டம். அத்தான் ஓட்ட, அக்கா பக்கத்தில். நான் பின்னால், தொண்டைக்குழாய்க்கு அருகே. பாட்டைப் போட்டார். இம்முறை சத்தம் வந்தேவிட்டது. என் இடுப்பிலிருந்து ஏறி, முதுகெலும்பை எண்ணிக்கொண்டே போய்ப் பல்லைத் தட்டியது. கண்ணாடியில் அத்தானைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். அவர் சாலையைப் பார்ப்பதும் அக்காவைப் பார்ப்பதுமாக இருந்தார்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே பார்த்தபடி, "நாளைக்குப் பதில் எழுதணும்" என்றாள். எங்களில் யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

அத்தான் காரை ஓரங்கட்டினார். பாட்டை நிறுத்தினார். இன்ஜினையும் அணைத்தார். டிக்கி, நான்கு மாதத்தில் முதல்முறையாக, வாயை மூடிக்கொண்டது.

"எனக்கு நீ பேசறது பாதிதான் கேக்குது" என்றார். "கொஞ்ச நாளாவே. இன்னொரு தடவை கேளு."

அவர் இரண்டு விரல்களை அவள் தாடையில் வைத்து, ஜன்னல் பக்கம் இருந்த அந்த முகத்தை மெல்லத் தன் பக்கம் திருப்பினார்.