ஒரு ஆள் ஜாஸ்தி

அந்த விளையாட்டின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் உடனே கம்ப்யூட்டரில் இறக்கி விளையாடிப் பார்ப்பீர்கள். நான் பார்த்தது உங்களுக்கு வராது. அப்புறம் என்னைப் புளுகன் என்பீர்கள். அந்தப் பேச்சு எனக்குத் தேவையில்லை.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டிசைன் போடுகிறேன். பட்டாசுப் பெட்டி லேபிள், காலண்டர் அட்டை, நாள் முழுக்கச் சிவப்பும் மஞ்சளும்தான். கொஞ்சம் அடக்கமாக ஒரு நிறம் போட்டால் போதும், "இன்னும் எடுப்பா இருக்கணும்" என்று ஆர்டர் கொடுத்தவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால்தானோ என்னவோ, அந்த விளையாட்டின் முதல் திரையைப் பார்த்ததும் கண்ணுக்குத் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. எல்லாம் சாம்பல். அதில் கொஞ்சம் நீலம். ஆளில்லாத ஊர் ஒன்று. அதில் முக்காடு போட்ட ஒரு பெண்.

அவளை இடமிருந்து வலமாக நடத்திக்கொண்டு போகவேண்டும். மேடு வந்தால் ஏற்றவேண்டும், பள்ளம் வந்தால் தாவவைக்கவேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. சுடுவது கிடையாது, சாவது கிடையாது. பள்ளத்தில் விழுந்தால் கடைசியாக நின்ற இடத்தில் மறுபடி உட்கார்ந்திருப்பாள். ஒரு வார்த்தை வசனம் இல்லை. தாவி இறங்கும்போது லேசாக மூச்சு வாங்குவாள், அது மட்டும் கேட்கும். போகிற வழியில் அங்கங்கே ஒரு நிழல் குந்தியிருக்கும். அருகில் போனால் எழுந்து அவள் பின்னாலேயே வரும். இப்படி நான்கு நிழல்கள் சேரும். கடைசியில் பெரிய சுவர், அதில் ஒரு கதவு. எல்லோரும் உள்ளே போனதும் சாம்பல் போய்த் திரை முழுக்க வெளிச்சமாகிவிடும். முதல் தடவை அதைப் பார்த்து நான் அழுதேன். அச்சகத்தில் சொன்னதற்கு, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள்.

இந்த மாதிரி விளையாட்டு ஏன் மனதில் நிற்கிறது என்று இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். இசை என்கிறார் ஒருவர், ஓவியம் என்கிறார் இன்னொருவர், முடிவு என்கிறார்கள் நிறையப் பேர். நானும் அந்த முடிவைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் அக்கா அதை விளையாடிய ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அப்படிச் சொல்வதை விட்டுவிட்டேன்.

அக்கா வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். அங்கே வேலை நடப்பது தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன ரூம்களில். ஒரு ரூமுக்கு நான்கு பேர்தான், அதற்குமேல் ஆகாது. வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்குவதற்காக அதில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழையவேண்டும். வீட்டிலும் அக்காவுக்கு அந்தப் பழக்கம் விடாது. உள்ளே வரும்போதெல்லாம் நிலைக்கதவின் இரும்புத் தாழ்ப்பாளில் கை வைப்பாள். நான் கேலி செய்வேன். "போலே, உன்னத் தொட்டாத்தான் ஷாக் அடிக்கும்" என்பாள்.

சீசன் வந்துவிட்டால் நாலு பேர் கணக்கெல்லாம் சுவரில் எழுதிப்போட்டிருப்பதோடு சரி. அக்காதான் அவள் ரூமில் ஐந்தாவது ஆள். செக்கிங் வண்டி வருகிறது என்று தெரிந்தால் போர்மேன் ஒரு சத்தம் கொடுப்பார், "ஜாஸ்தி ஆளெல்லாம் வெளிய!" கூடுதலாக இருக்கிற ஆட்கள் பின்னாலுள்ள கருவேலங்காட்டுக்குள் ஓடிப் பதுங்கிக்கொள்ள வேண்டும். வண்டி போனதும் திரும்பி வந்துவிடலாம். அக்கா இதை வீட்டில் சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள். முள் கிழித்த முழங்கையைக் காட்டி, "கவருமெண்டுக்குப் பயந்து ஒளியுற ஆளு நம்ம வீட்டுலயும் ஒண்ணு இருக்கு" என்பாள்.

அன்றைக்கும் சாலையில் தூசி கிளம்பியிருக்கிறது. போர்மேன் சத்தம் கொடுத்திருக்கிறார். அக்கா ஓடிப்போய்க் கருவேல மரத்தடியில் குந்தியிருக்கிறாள். அவள் ரூம் வெடித்தது. உள்ளே இருந்த நான்கு பெண்களும் போய்விட்டார்கள். தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்தது செக்கிங் வண்டியே இல்லை, தண்ணீர் லாரி. மறுநாள் பேப்பரில் அறையில் நான்கு பேர் இருந்ததாகச் சரியாகத்தான் போட்டிருந்தது. கணக்குப்படி என் அக்கா அங்கே இல்லவே இல்லை.

உடம்பில் ஒரு கீறல் கிடையாது. ஆனால் வீட்டுக்கு வந்தவள் வாசல்படி ஏறவில்லை. "உள்ள எடமில்லலே" என்றாள். இரண்டு அறையுள்ள வீடு, இருப்பது நான்கு பேர். அதில் இடமில்லாமல் என்ன? அப்பா அதை நிஜமான புகார் என்று எடுத்துக்கொண்டு பீரோவை இழுத்து முற்றத்தில் போட்டார். அதற்கும் அவள் வரவில்லை. முற்றத்துத் தகரக் கொட்டகைக்கு அடியில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு அங்கேயே இருந்துகொண்டாள். அம்மா குறி சொல்லும் கோடாங்கியைக் கூட்டி வந்து மந்திரித்த கயிறு கட்டினாள். விருதுநகரில் டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கினோம். கயிற்றையும் கட்டிக்கொண்டாள், மாத்திரையையும் விழுங்கினாள். உள்ளே மட்டும் வரவில்லை.

அந்தக் கட்டிலில் அவள் உட்காருகிற விதமே வேறு. ஓரத்தில் ஒண்டிக்கொண்டு, சட்டத்தின் மேல் பாதி உடம்பும் அந்தரத்தில் பாதி உடம்புமாக உட்காருவாள். மீதிக் கட்டில் காலியாகக் கிடக்கும். ஒருநாள் எதிர்வீட்டு அத்தை பேச வந்தவர் அந்தக் காலியிடத்தில் உட்காரப் போனார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அங்கன உக்காராதீக" என்று மெதுவாகச் சொன்னாள். அத்தை கட்டிலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கட்டிலின் நடுவில் கயிறு கொஞ்சம் தொய்ந்திருந்தது. பழைய கட்டில், தொய்யத்தான் செய்யும். அத்தை நின்றுகொண்டே பேசிவிட்டுப் போய்விட்டார்.

தீபாவளி முடிந்து மழை தொடங்கிவிட்டது. தகரம் ஒழுகியது. இப்படியே விட்டால் இந்த முற்றத்தில் அவள் செத்துப்போவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவுக்கும் அதே பயம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வேன். வெளிச்சத்தில் திரை தெரியாது. அச்சகத்தில் கழித்துப்போட்ட லேபிள் அட்டையை மடித்துத் திரைக்கு ஒரு கூடாரம் மாதிரி கட்டியிருந்தேன். அவளுக்கென்று எதுவும் திட்டம் போடவில்லை. நான் பாட்டுக்கு விளையாடினேன், அவள் பாட்டுக்குப் பார்த்தாள்.

"அவ எங்கலே போறா?" என்று ஒருநாள் கேட்டாள். அவள் வாயிலிருந்து சொந்தமாக வந்த முதல் கேள்வி அது. நீயே நடத்திப் பாரு என்று சொல்லி லேப்டாப்பை அவள் மடியில் வைத்தேன்.

கம்பெனியில் வெடிக்கு லேபிள் மடித்த கை அவளுக்கு. இரண்டு மணி நேரத்தில் என்னைவிட நன்றாகத் தாவவைத்தாள். முதல் நிழல் எழுந்து பின்னால் வந்தது. இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது. நான்காவது நிழல் எழுந்ததும் கையை எடுத்துவிட்டாள். "அஞ்சு ஆயிருச்சு" என்றாள். சேரட்டும், எல்லோரும் வந்தால்தான் கதவு திறக்கும் என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்திருப்பாள். உண்மையில் அப்போது தெரியவில்லைதான்.

மறு ஞாயிறு கதவுக்கு வந்துவிட்டாள். கதவு திறந்திருந்தது. முக்காட்டுப் பெண்ணும் நான்கு நிழல்களும் வாசலில் நின்றார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், உள்ளே போய்விடுவார்கள். வெளிச்சம் வந்துவிடும். அந்த வெளிச்சத்தை அவள் பார்த்தால் ஏதாவது மாறும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"போக்கா."

"ஒரு ஆளு ஜாஸ்தி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் உள்ளே இடமில்லை என்று அவள் சொன்னது வீட்டின் அளவை இல்லை. அந்த நான்கு பெண்களும் அவளோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவள் எந்த அறைக்குள் போனாலும் அவர்களும் வருவார்கள், கணக்கு மீறிவிடும். முற்றத்துக்கு மட்டும்தான் கணக்கு இல்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கட்டிலின் நடுப்பகுதி கை எட்டுகிற தூரம். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அவள் எதையும் அழுத்தவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையிலிருந்த பெண்ணும் நின்று பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள், அது ஆறிப்போனது. தூறல் விழ ஆரம்பித்தது. பிறகு, நாங்கள் யாரும் தொடாமலே, நிழல்களில் ஒன்று நகர்ந்து கதவுக்குப் போனது. நிலையில் கையை வைத்தது. உள்ளங்கை முழுக்கப் பதிய வைத்தது. ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றுவிட்டு உள்ளே போனது.

அடுத்ததும் அதே மாதிரி கை வைத்துவிட்டுப் போனது. மூன்றாவதும், நான்காவதும் அப்படித்தான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வெளிச்சம் வரவில்லை.

இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் நான் எத்தனையோ தடவை கதவு வரை போய்க் காத்திருந்துவிட்டேன். சாப்பிடப் போய்விட்டு வந்தும் பார்த்திருக்கிறேன். நிழல்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. இணையத்தில் கேட்டேன், அப்படி ஒன்று அந்த விளையாட்டில் கிடையாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். விளையாட்டைச் செய்தவர்கள் எந்த ஊர்க்காரர்களோ, செம்புத் தகட்டைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வாசலில் ஒருத்தி நின்றுவிட்டாள், 'சீக்கிரம் போ' என்று அவளை அந்த விளையாட்டு விரட்டவில்லை. நாங்கள் எல்லோரும், நான், அம்மா, டாக்டர், கோடாங்கி எல்லோரும் விரட்டிக்கொண்டிருந்தோம். அது மட்டும் அவளை நிற்க விட்டது.

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடதுபக்கப் பொத்தானை அழுத்தினாள். முக்காட்டுப் பெண் எழுந்து வந்த வழியே திரும்பி நடந்தாள். நிழல்கள் குந்தியிருந்த இடங்கள் காலியாக இருந்தன. ஒவ்வொரு இடத்திலும் அக்கா ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். ஆரம்பித்த இடம் வந்ததும் லேப்டாப்பை மூடி என்னிடம் கொடுத்தாள். மழை வலுத்துவிட்டது. நான் எழுந்து வாசல்படியில் ஏறினேன்.

"உள்ள எம்புட்டு பேருலே இருக்கீக?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

"அம்மா, அப்பா. நான் வந்தா மூணு."

அவள் விரலை மடக்கிப் பார்த்தாள். "அப்ப நான் வரலாம்ல?"

தலையை ஆட்டினேன். அவள் செருப்பைக் கழற்றினாள். தாழ்ப்பாளில் உள்ளங்கையை வைத்தாள். உள்ளே வந்து நடு வீட்டில் நின்றாள். அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து அவள் தலையைத் துவட்டினாள். துவட்டிக்கொண்டே அழுதாள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அத்தை, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, சுடச்சுட ஒரு தட்டில் பஜ்ஜியோடு வாசலில் வந்து நின்றார். "அடி ஆத்தே, உள்ள வந்துட்டியா" என்று ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தார்.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "அத்தை, செத்த நில்லுங்க" என்றாள். "ஒரு ஆளு ஜாஸ்தியாயிரும்."

அத்தை தூக்கிய காலோடு நின்றார். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினார். "நீங்க உள்ள போங்க தாயி" என்று அத்தையிடம் சொன்னார். மழையில் இறங்கித் தகரத்துக்கு அடியில் போய் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தார். கட்டில் முழுக்கக் காலியாகத்தான் கிடந்தது. அப்பா ஓரமாக உட்கார்ந்தார்.