பச்சைத் துணியில் மஞ்சள் குடை

எங்கள் வீட்டுப் பீரோவை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன். பள்ளிப் படிப்பு முடிந்து, என்னை மேலே படிக்க வைப்பதா, கட்டிக் கொடுப்பதா என்று வீட்டில் முடிவாகாமல் சும்மா கிடந்த வருடம் அது. அறுபதுகளின் நடுப்பகுதி. கையில் கிடைத்த வாரப் பத்திரிகையில், பருவத்துக்குத் தகுந்தபடி துணிமணிகளைப் பிரித்து அடுக்குவது எப்படி என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. அதை நான்கு முறை படித்தேன். வேறு வேலை இல்லை.

எழுதியவர் எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினாரோ. வசந்த காலத்து உடைகள் கைக்கெட்டும் தட்டிலும், இலையுதிர் காலத்து மெல்லிய கம்பளிகள் மேல் தட்டிலும் இருக்க வேண்டுமாம். செஞ்சியில் மூன்று பக்கமும் பாறை மலை. பகலெல்லாம் குடித்த வெயிலை அந்தப் பாறைகள் சாயங்காலம் வீடு வீடாகத் திருப்பிக் கொடுக்கும். எங்களுக்குத் தெரிந்த காலங்கள் வெயில், அதைவிட வெயில், தீபாவளியை ஒட்டிக் கொஞ்சம் மழை, மார்கழியில் காலை எட்டு மணி வரை பனி, அவ்வளவுதான். ஆனாலும் கட்டுரையில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. எல்லாத் துணியையும் தரையில் கொட்டி, வேண்டியது, வேண்டாதது என்று இரண்டு குவியலாகப் பிரிக்கச் சொல்லியிருந்தார். வேண்டாததைத் தூக்கிப் போடும்போது கை நடுங்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். என் கை நடுங்காது. அந்த விஷயத்தில் நான் அம்மாவைக் கொண்டு பிறந்தவள்.

பீரோவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் கடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவருக்குக் கடைத்தெருவில் ஜவுளிக் கடை. ஜவுளிக் கடைக்காரர் வீட்டில் நல்ல நல்ல துணியாக உடுத்துவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாப் பெண்களும் நினைத்தார்கள். நல்ல துணி எல்லாம் விற்றுவிடும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. எது விற்காமல் நின்றதோ அது எங்களுக்கு. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, இனி போகாது என்று தெரிந்த தானை, முழுத் துணிச் சுருளையே, நைனா வீட்டுக்கு எடுத்து வருவார். அதிலேயே அவருக்கு அரைக்கைச் சட்டை, தம்பிகள் இருவருக்கும் சட்டையும் டிராயரும், எனக்குப் பாவாடை, அம்மாவுக்கு ரவிக்கை. மிச்சம் தலையணை உறையாகும். அதற்கும் மிஞ்சினால் ஜன்னல் திரை. தீபாவளியன்று நாங்கள் ஐந்து பேரும் கோயிலுக்குப் போனால், நைனாவின் கணிப்பு அந்த வருடம் எங்கே சறுக்கியது என்று ஊரே தெரிந்துகொள்ளும்.

அப்படிச் சறுக்கியதில் பெரிய சறுக்கல் குடைத் துணி. கரும்பச்சை நிறம், அதில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் மஞ்சளாக விரித்த குடைகள். எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது மெட்ராஸ் மொத்தக் கடையில் அதைப் பார்த்து நைனா சொக்கிப் போய் இரண்டு தான் வாங்கி வந்தார். தீபாவளி மழைக்காலத்தில் வருகிறது, ஆகவே மழைக்காலத்துக்கு ஏற்ற துணி வேண்டும் என்பது அவர் வாதம். செஞ்சியில் குடை பிடித்துப் போகிறவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் கோணியை மடித்துத் தலையில் போட்டுக்கொள்வார்கள். துணியைப் புரட்டிப் பார்த்த ஒருவர், சட்டைத் துணியா இது, நான் பந்தலுக்கு என்று நினைத்தேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம். நைனா அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். ஆனால் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. துணியை விரல் வைத்துப் பார்த்தே இது ஓடும், இது ஓடாது என்று சொல்கிறவர் என்ற பெயர் அவருக்குக் கடைத்தெருவில் உண்டு. அவருக்கு இருந்த ஒரே பெருமை அதுதான்.

இரண்டு தானும் எங்கள் மேல் ஏறின. துணி கெட்டி. கிழியவே மாட்டேன் என்றது. பெண் வளர்கிறாள் என்று அம்மா என் பாவாடைகளின் அடியில் மூன்று மடிப்பு வைத்துத் தைத்திருந்தாள். வருடத்துக்கு ஒரு மடிப்பைப் பிரித்துவிடுவாள். மேலே எல்லாம் வெளுத்துப் போக, பிரித்த இடம் மட்டும் புதுக் கரும்பச்சையாகக் கோடு போட்டு நிற்கும். மூன்று கோடும் வந்த பிறகுதான் அந்தக் கட்டுரை என் கைக்கு வந்தது.

மார்கழிக் கடைசியில், போகிக்குச் சில நாள் முன்பு, பீரோவைத் தரையில் கொட்டினேன். பிரிக்க ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. வேண்டாத குவியல் முழுக்கக் குடை. பதினாறு உருப்படி.

இங்கே ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் கடைத் துணி பழசாகி இன்னொருவர் உடம்பில் தெருவில் போகக் கூடாது என்பது நைனாவின் சட்டம். புதுசாக விற்கிற கடைக்காரன் வீட்டுப் பழசு ஊரில் நடமாடினால் கடைக்கு மரியாதை இல்லையாம். கிழித்துக் கரித்துணியாக்கலாம், போகியில் கொளுத்தலாம், யாருக்கும் கொடுக்கக் கூடாது. நானும் கொளுத்துவதாகத்தான் இருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பாத்திரக்காரி தெருவில் கூவிக்கொண்டு வந்தாள். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவள். கூடையின் மேலாகவே ஒரு எவர்சில்வர் தூக்கு பளபளத்தது. அம்மா அந்தத் தூக்கைப் பார்த்தாள். பிறகு குவியலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் எவர்சில்வர் என்று அதுவரை ஒரு தம்ளர்தான் இருந்தது.

பாத்திரக்காரி ஒவ்வொரு துணியையும் முழங்காலில் போட்டு இழுத்துப் பார்த்தாள்.

"இன்னா பாப்பா, அல்லாம் ஒரே துணியா இருக்குது? டிராமா கம்பெனி எதுனா நடத்துறீங்களா?"

"துணி கெட்டியா இல்லியா, அத்தச் சொல்லு" என்றேன்.

"கெட்டிதான். ஆனா இத்தக் கட்டினு போனா மாடு மிரளும்."

கடைசியில் என்னுடைய பழைய சீட்டித் தாவணி ஒன்றையும் மேலே போட்டுத் தூக்கை வாங்கினேன். ஒரே ஒரு தலையணை உறையை மட்டும் நிறுத்திக்கொண்டோம். போகியன்று விடியற்காலை அதை நைனாவின் கண்ணில் படும்படி நெருப்பின் உச்சியில் வைத்தாள் அம்மா. "அல்லாத்தையும் போட்டாச்சா?" என்று கேட்டார். "போட்டாச்சு" என்றாள். அவர் கொஞ்ச நேரம் அந்தக் குடை எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தூக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. பாத்திரங்களை அவர் பார்ப்பதில்லை, துணியைத்தான் பார்ப்பார்.

பீரோ காலியாக, அழகாக இருந்தது. மூன்று மாதம் நான் தலை நிமிர்ந்து நடந்தேன்.

சித்திரையில் பக்கத்து ஊரான வல்லத்துத் திருவிழாவுக்கு நைனா போய் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே முகம் ஒரு மாதிரி மலர்ந்திருந்தது.

"குடை ஓடுதுடி!" என்றார் அம்மாவிடம்.

"எந்தக் குடை?"

"நம்ம குடை! என் கண்ணால எட்டுப் பேரப் பார்த்துட்டேன். ஏர் ஓட்டுறவன் போட்டினு இருக்கிறான். சின்னப் பொண்ணுங்க போட்டினு இருக்குது. திண்டிவனத்துக் கடைக்காரன் எவனோ எறக்கி வித்துனு இருக்கிறான். நான் மூணு வருஷம் முன்னாடியே எடுத்துட்டேன். ஊருக்கு இப்பதான் கண்ணு தெரிஞ்சிருக்குது!"

துணியைத் தொட்டே தரம் சொல்கிற மனிதர், அன்று கூட்டத்தில் நின்று தூரத்தில் பார்த்தார். சந்தோஷமாக இருக்கிறவர்கள் கிட்டே போய்ப் பார்ப்பதில்லை. அவர் பார்த்தது நான் பாத்திரக்காரியிடம் போட்ட துணி. அம்மா என்னைச் சமையலறைக்குக் கூட்டிப் போய், "நீயே சொல்லிடு. பீரோவ ஒழுங்கு பண்ணவ நீதானே" என்றாள். தூக்கு அவள் கையில்தான் இருந்தது.

தீபாவளிக்குக் கொள்முதல் செய்ய நைனா ஆவணியில் மெட்ராஸ் போவார். அதற்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மறுபடி குடை வாங்குவார், மறுபடி விற்காது, கடைத்தெருவில் அவருக்கு இருக்கிற பெயர் போய்விடும். இது எனக்கு நன்றாகவே தெரியும். நான்கு மாத அவகாசமும் இருந்தது. ஒரு முறை சொல்வதற்காகவே கடைக்குப் போனேன். நைனா யாரோ வாடிக்கையாளரிடம், "துணி எடுக்கிறது பெரிசு இல்லிங்க, காலத்துக்கு முன்னாடி எடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "என் பொண்ணுதான். ஊருல அல்லாருக்கும் முன்னாடி குடை போட்டது இவதான்" என்றார். நான் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். இன்னொரு முறை வாயைத் திறந்தேன், அவர் சீட்டியடித்துக்கொண்டு சவரம் செய்துகொண்டிருந்தார். அவர் சீட்டியடித்து நான் அதுவரை கேட்டதே இல்லை. கத்தியைக் கையில் வைத்திருக்கிற மனிதரிடம் சொல்ல வேண்டாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஆவணியில் அவர் பஸ் ஏறினார். நான்தான் கையில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைக் கொடுத்தேன்.

நான்கு தான் குடைத் துணி வந்து இறங்கியது. மொத்தக் கடைக்காரன் கிடங்கின் அடியிலிருந்து தேடி எடுத்து, தூசி தட்டிக் கொடுத்தானாம். அதைக்கூட நைனா, "நமக்காகத் தேடி எடுத்துக் குடுத்தான்" என்று பெருமையாகச் சொன்னார். அந்தத் தீபாவளிக்கு விற்றது இரண்டரை கஜம். டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னால் திரை போடுவதற்கு எடுத்தார். கடைத்தெருவில் மற்ற கடைக்காரர்கள், வெயில் அடிக்கிற நாளில்கூட நைனாவைப் பார்த்தால், "மழை வருமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர் துணியைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதை மெல்ல மெல்ல விட்டுவிட்டார். யாராவது கேட்டால், "உங்க இஷ்டம்" என்பார். அந்த ஒரு சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் செத்துவிடலாம் போல இருக்கும்.

தொடர்ந்து இரண்டு தீபாவளி குடை. சட்டை குடை, பாவாடை குடை, உறை குடை, பீரோவுக்கே ஒரு குடை உறை. அம்மா என்னைத் திட்டவே இல்லை. வெயில் தொடங்கும்போது ஒரு முறை, மழைக்கு முன் ஒரு முறை, பீரோவை நான்தான் எடுத்து அடுக்க வேண்டும் என்று மட்டும் வழக்கமாக்கிவிட்டாள். வேப்பிலை போட்டு, அந்துருண்டை போட்டு, ஒவ்வொரு குடையாக மடித்து வைத்தேன். அந்துப் பூச்சிகூட அந்தத் துணியைத் தொடவில்லை.

பிறகு எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை, எந்த ஊர்க்காரன்மேல் நைனா பழி போட்டாரோ அந்தத் திண்டிவனம். புறப்படுவதற்கு முந்தின நாள் காலை, பெட்டியில் அடுக்குவதற்காகப் பீரோவைத் தரையில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நைனா வந்து எதிரில் உட்கார்ந்தார். பழைய துணிக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து இனியும் மறைக்க எனக்குத் தெம்பு இல்லை. பாத்திரக்காரி, தூக்கு, போகி நெருப்பில் தலையணை உறை எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஒரு பாவாடையை எடுத்து அடிமடிப்பைத் தடவிப் பார்த்தார்.

"தெரியும்" என்றார். "நாலு தான் எறக்குன அந்தத் தீவாளிக்கே தெரியும். வல்லத்துலருந்து ஒரு பொம்பள மவளக் கூட்டினு வந்துச்சு. வேற எது வேணா குடு மொதலாளி, இந்தக் குடை மட்டும் வேணாம், பாத்திரக்காரிகிட்ட வாங்குனது, பள்ளிக்கூடத்துல சிரிக்கிறாங்கன்னு பொண்ணு அழுவுதுன்னுச்சு. பாவாடையப் பார்த்தேன். மூணு கோடு. உங்கம்மா பிரிச்ச மடிப்பு எனக்குத் தெரியாதா?"

"அப்பவே ஏன் நைனா கேக்கல?"

"கேட்டா நீ அழுவ. நீ அழுதா நான்தான் தேத்தணும். அன்னிக்கு எனக்கே தேத்த ஆள் இல்ல."

நான் அழுதேன். இந்த முறை அவர் தேற்றவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. நான் மூக்கைத் துடைத்துக்கொள்ளும் வரை பாவாடையை மடித்துக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"ஒண்ணு மட்டும் உண்மையச் சொல்லு. அந்தத் துணி நல்லாத்தானே இருந்துச்சு?"

பதினாறு உருப்படியை ஐந்து நிமிடத்தில் வேண்டாத குவியலில் தள்ளியவள் நான்.

"நல்லா இருந்துச்சு நைனா."

"அதான" என்றார். உடனே எழுந்து கடைக்குப் போய், மிச்சமிருந்த பதினோரு கஜத்தையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "திண்டிவனத்துக்காரங்க துணி தெரிஞ்சவங்க. அங்க ஓடும்."

பெட்டியில் இடம் போதவில்லை. கல்யாணத்துக்கென்று நான் ஆசைப்பட்டு எடுத்த மெல்லிய வாயில் ரகப் புடவை இரண்டை வெளியே எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டு, குடையை உள்ளே வைத்துப் பெட்டியை மூடினேன்.