உப்புத்தாள் தேய்த்த மடக்குக்கத்தி

மண்ணெண்ணெய் வாசனை வந்தாலே எனக்குச் சின்னக்கானலில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டின் பின்வாசல்தான் ஞாபகம் வரும். ஒரு கொட்டாங்குச்சியில் கொஞ்சம் மண்ணெண்ணெய், அதில் மூழ்கிக் கிடக்கும் ஒரு பழைய மடக்குக்கத்தி, பக்கத்தில் குந்தியிருக்கும் அம்மா...

அம்மா எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பூப்பாறை ஆக்ரிக்கடைக்குப் போய், பழைய இரும்புக் குவியலுக்குள் மடக்குக்கத்தி தேடுவார். எல்லாம் துரைமார் காலத்தவை. மான்கொம்புப் பிடி போட்டது ஒன்று. குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லை நெம்பியெடுக்கக் கொக்கி வைத்தது ஒன்று. இப்படிப் பதினொரு கத்திகள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. ஒவ்வொன்றையும் காதருகே வைத்து மூடிப் பார்ப்பார். 'டக்' என்று ஒரே சத்தமாக மூடினால் அன்றைக்கு முழுக்கச் சிரித்த முகம்தான்.

"உங்கம்மாவுக்குக் கோவம் வந்தாலும் பயமில்ல புள்ள. எந்தக் கத்திய எடுக்கன்னு அவ முடிவு பண்றதுக்குள்ள நான் பூப்பாறை போய்ச் சேந்துருவேன்" என்பார் அப்பா.

"நீங்க பூப்பாறைக்கு எதுக்குப் போவீகன்னு எனக்குத் தெரியாதாக்கும்" என்பார் அம்மா.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. அருங்காட்சியகங்களைப் பற்றிய ஒரு புத்தகத்தைப் பள்ளி நூலகத்தில் எடுத்துப் படித்திருந்தேன். அதனால் அம்மாவின் கத்திகளுக்கு அட்டையில் எண்ணும் விவரமும் எழுதி நூலால் கட்டுவது என் பொறுப்பு. நானாக எடுத்துக்கொண்ட பொறுப்புதான்...

அந்த வருடம் மழை ஓய்ந்த சமயத்தில், அடுத்த லயத்து ஞானம்மா அத்தை ஒரு கத்தியை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார். அத்தையின் கணவர் சூசை மாமா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. மாமா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். வேலை முடிந்து வந்ததும் பால் சேர்க்காத கட்டன் சாயா போட்டு, இந்தக் கத்தியால் எலுமிச்சம்பழம் நறுக்கி, வாசலில் வந்து நிற்கிற எல்லோருடைய கிளாஸிலும் பிழிவார். நானும் குடித்திருக்கிறேன்.

"அவுக கோட்டுப் பையிலயே கெடந்துருக்கு ரோசம்மா. இறுகிப்போச்சு, தொறக்கமாட்டேங்குது. வர்ற ஞாயித்துக்கெழம வருசப் பூச. வர்றவுகளுக்குக் கட்டன் குடுக்கணும்... இதுலதான் எலுமிச்சம்பழம் நறுக்கணும்னு நெனச்சிருக்கேன்."

"தொறந்துரலாம் மைனி. வெச்சிட்டுப் போங்க."

மூன்று நாள் மண்ணெண்ணெயில் ஊறி, வெள்ளிக்கிழமை கத்தி திறந்தது. மடக்கும் இடத்தில் இருந்த சிவப்புத் துருவை அம்மா துணியால் துடைத்தார். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டார். அலகு முழுக்கக் கருப்பாக இருந்தது. அந்தக் கருப்பைத் தேய்க்காமல் கத்தியை டின் மேல் வைத்துவிட்டு, மறுநாள் காலை வேலைக்குப் போய்விட்டார்.

அம்மாவுக்கு நேரமில்லாமல் பாதியில் விட்டுவிட்டார் என்று நான் நினைத்தேன்.

அன்று சனிக்கிழமை, பள்ளி இல்லை. உப்புத்தாள் எடுத்துக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்தேன். மத்தியானம் வரை தேய்த்தேன். விரல் நுனி எரிந்தது. கடைசியில் அலகில் என் கண்ணே எனக்குத் தெரிந்தது. 'சூசை மாமா அவர்களின் கத்தி' என்று அழகாக ஓர் அட்டை எழுதிக் கட்டினேன்.

சாயங்காலம் வந்த அம்மா, தலையில் கட்டியிருந்த துணியைக்கூட அவிழ்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏட்டி... என்ன பண்ணி வெச்சிருக்க?"

"துருவெல்லாம் எடுத்துட்டேம்மா."

"செவப்புதான்டி துரு. கருப்பு துரு இல்ல. எலுமிச்சம்பழச் சாறு பட்டுப் பட்டு, சூசை அண்ணன் கையில இருவது வருசமா ஏறுன நெறம் அது. அத எங்க போயி வாங்குவ?"

அம்மா கத்தியை மடக்கி என் கையில் வைத்தார். "நீயே கொண்டுபோயிக் குடு. நானும் வாரேன்."

அத்தை கத்தியைத் திறந்தார். திருப்பிப் பார்த்தார். "இது யாரு கத்தி?" என்று அம்மாவிடம் கேட்டார்.

மாமாவின் கத்தியைத் தேய்த்துவிட்டதை நான்தான் அழுதுகொண்டே சொன்னேன். அத்தை என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தேச்ச தாளு இருக்கா புள்ள?"

ஓடினேன். எங்கள் வீட்டுப் பின்வாசலில் பனியில் நனைந்து கிடந்த உப்புத்தாளை எடுத்து வந்தேன். அதன் மேல் கருப்பாகப் பொடி ஒட்டியிருந்தது. அத்தை அதை அடுப்போரம் காட்டி உலர்த்தி, பொடி உதிராமல் நான்காக மடித்து, பைபிளுக்குள் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கத்தியால்தான் எலுமிச்சம்பழம் நறுக்கினார். முதல் பழத்திலேயே அலகில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை படிந்தது. யாரோ துடைக்கப் போனார்கள். "தொடைக்காதீக, இருக்கட்டும்" என்றார் அம்மா.

இப்போது நான் பிளஸ் டூ. எந்தக் கத்தி வந்தாலும் முதலில் போனில் நாலு பக்கமும் படம் எடுத்துவிட்டுத்தான் தொடுகிறேன். அம்மாவின் டின்னில் உள்ள அத்தனைக்கும் படம் இருக்கிறது. மாமா கையில் இருந்த அந்தக் கத்திக்கு மட்டும் ஒன்றுகூட இல்லை... லயத்து வாசல்களில் இப்போதும் சாயங்காலம் கட்டன் குடிக்கிறோம். அவரவர் கிளாஸ், அவரவர் போன்.

அத்தை எஸ்டேட் வேலையிலிருந்து ரிட்டையர் ஆகி, லயத்து வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போடியில் மகனோடு இருக்கிறார். போன வாரம் வீடியோ காலில் வந்தார். பேச்சுக்கு நடுவே கத்தியை எடுத்து விரித்துக் காட்டினார். அலகு முழுக்கக் கருத்திருந்தது.

"மாமாவோடது மாதிரியே ஆயிருச்சே அத்தை!" என்றேன். அத்தனை வருடப் பாரமும் இறங்கிய சந்தோஷம் எனக்கு.

அத்தை கத்தியைத் திருப்பிப் பார்த்தார்.

"இல்ல புள்ள. அவுக கருப்பு அவுகளோட போச்சு. இது நான் நறுக்குனது."